இரண்டு பேர் ஏற்றிய கம்ப்ரஷன்

ஒரு குடும்பத்தில் ஒரே ஒருவர் மட்டும் படித்திருந்தால், அந்த வீட்டில் உள்ள எந்த இயந்திரத்துக்கும் பாதுகாப்பு கிடையாது. மிக்சி கரகரத்தால் அவரைத்தான் கூப்பிடுவார்கள். மின்விசிறி சோம்பலாகச் சுற்றினால் அவர்தான் ஸ்டூல் மேல் ஏற வேண்டும். அவருக்குத் தெரியாதது ஏதாவது இருக்கும் என்று வீட்டில் யாருக்கும் தோன்றாது. கொஞ்ச நாளில் அவருக்கும் தோன்றாமல் போய்விடும். ஆபத்து அங்கேதான் ஆரம்பிக்கிறது.

எங்கள் வீட்டில் அந்த ஒருவர் நான். பெயர் பியூலா. சோழவரம் ஏரிக்கு அந்தப் பக்கம் வீடு. எங்கள் பரம்பரையில் பள்ளிக்கூடத்தின் உள்பக்கத்தைப் பார்த்த முதல் ஆள். பார்த்ததோடு நிற்காமல் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் வரை போய்த் திரும்பியவள். கறுப்பு அங்கியும் தொப்பியுமாக நான் நிற்கும் படம், எங்கள் வீட்டில் இயேசுநாதர் படத்துக்குப் பக்கத்தில் அதே உயரத்தில் தொங்குகிறது. (ஜெபத்துக்கு வந்த பாஸ்டர் அதைப் பார்த்துவிட்டு, "ஒண்ணு கொஞ்சம் கீழ இருக்கலாமே பிரதர்" என்றார். அப்பா இயேசுவை நாலு விரல் உயர்த்தி மாட்டினார். என்னை இறக்கவில்லை.)

அப்பாவை நான் நைனா என்றுதான் கூப்பிடுவேன். அண்டை வயல்களில் கூலி வேலை, பிறகு இரும்பு ஆலையில் சுமை தூக்கும் வேலை, அதற்குப் பிறகு சொந்தமாக ஒரு பழைய பெட்ரோல் லோடு ஆட்டோ. அவருக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் டீக்கடையில், சந்தையில், டோல்கேட்டில், தன்னை யாராவது கேள்வி கேட்டால் போதும், பதிலை, "எம் பொண்ணு இன்ஜினியரு" என்றுதான் ஆரம்பிப்பார். மணி என்ன என்று கேட்டாலும்.

நான் வேலை பார்ப்பது காக்களூரில் ஒரு சின்னத் தொழிற்சாலையில், தரம் பார்க்கும் பிரிவில். கடைந்து முடித்த பிஸ்டன்கள் வரிசையாக என் மேசைக்கு வரும். நான் அளந்து பார்த்து, இது சரி, இது தள்ளு என்பேன். தலைமுடி அளவு வித்தியாசம் இருந்தாலும் தள்ளிவிடுவேன். பகல் முழுக்க பிஸ்டன்களுக்குத் தீர்ப்புச் சொல்கிறவள் வீட்டுக்கு என்ன மாதிரி நடையில் வருவாள் என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். அம்மா அதை, "வராபாரு கலெக்டரு" என்பாள்.

இந்தக் கதையில் அடி வாங்குவது அம்மாதான். அதனால் அவளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பெயர் எஸ்தர். கல்யாணச் சமையல் குழுக்களில் காய் நறுக்கப் போய், கரண்டி பிடிக்கும் இடத்துக்கு வந்தவள். அவள் குழம்பைச் சாப்பிட்டுவிட்டு, சமைத்தது யார் என்று கேட்டுக்கொண்டு அடுப்படிக்கு வந்த மாப்பிள்ளை வீட்டார் உண்டு. வந்தவர்களிடம் தலைமைச் சமையல்காரர்தான், "நாந்தாங்க" என்பார். அம்மா பின்னால் நின்று அண்டா கழுவிக்கொண்டிருப்பாள். தன் பேரில் ஒரு சாப்பாடு போக வேண்டும் என்பது அவளுடைய ஒரே ஆசை.

அந்த ஆசைக்கு ஒரு வழி பிறந்தது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு தொழிற்சாலை, கேன்டீனுக்குப் புது ஆள் தேடுகிறது என்று தெரிந்து, அம்மா நேரில் போய்க் கேட்டுவிட்டாள். ஒரு நாள் மதியச் சாப்பாடு கொண்டு வாருங்கள், எங்கள் ஆட்கள் சாப்பிட்டுப் பார்க்கட்டும், பிடித்தால் உங்களுக்குத்தான் என்று சொல்லியிருக்கிறார்கள். சோறு, கோழிக்குழம்பு, சாம்பார், ரசம், பொரியல், பாயசம். பன்னிரண்டரை மணி சங்கு ஊதும்போது பாத்திரங்கள் மேசை மேல் இருக்க வேண்டும். அதுதான் ஒரே நிபந்தனை.

நைனா மறுநாளே பெயின்டரைக் கூட்டி வந்து, ஆட்டோவின் பின்பக்கம் "எஸ்தர் கேட்டரிங்" என்று சிவப்பில் எழுத வைத்துவிட்டார். இரண்டு பக்கமும் பூ. அம்மாவுக்கு அதைப் படிக்க வராது. ஆனாலும் அன்று சாயங்காலம் அந்தப் பக்கம் துணி காயப்போடும் சாக்கில் நாலைந்து முறை போய் வந்தாள்.

சிக்கல் ஆட்டோவில்தான். சுமை ஏற்றினால் மேம்பாலம் ஏறாது. பாதியில் மூச்சு வாங்கும். பின்னால் வரும் லாரிகள் ஹாரன் அடித்தே அதைத் தள்ளிக்கொண்டு போகும்.

"இது மேம்பாலத்த தூரத்துல பாத்தாலே அழுவுதும்மா" என்றார் நைனா.

"அன்னிக்கு ஒரு நாளு வாடகைக்கு நல்ல வண்டியா புட்சிக்கலாம்" என்றாள் அம்மா.

இதுதான் சரியான யோசனை. இதோடு எல்லாரும் சாப்பிட்டுவிட்டுப் படுத்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இல்லை. ஆனால் நான் குறுக்கே வந்தேன்.

"நான் ஊட்ல கீறப்போ வாடகை வண்டியா? இன்ஜின்ல கம்ப்ரஷன் ஏத்திட்டா போதும். பறக்கும்."

"இன்னாத்த ஏத்தணும்?" என்றாள் அம்மா.

நான் விளக்கினேன். (நான் விளக்க ஆரம்பித்தால் நைனா டிவியை நிறுத்திவிட்டுச் சம்மணம் போட்டு உட்காருவார். அந்த மரியாதைதான் என்னைக் கெடுத்தது.) திருவள்ளூர் ஷேர் ஆட்டோவை நினைத்துக்கொள்ளுங்கள். ஒன்பது பேரை ஒரு ஆள் இடத்தில் அமுக்கினால் அது ஒன்பதுக்கு ஒன்று. சிலிண்டருக்குள் பெட்ரோலும் காற்றும் அப்படித்தான் அமுக்கப்படுகின்றன. அமுக்குகிற கை பிஸ்டன். மேலே மூடியிருக்கிற கூரை சிலிண்டர் ஹெட். இடத்தைக் கொஞ்சம் குறைத்தால் இன்னும் நெருக்கமாக அமுங்கும், வெடிக்கும்போது இன்னும் வேகமாகத் தள்ளும். வண்டி மேம்பாலம் ஏறும்.

"ரொம்ப அமுக்கினா?" என்றாள் அம்மா.

"ரொம்ப அமுக்கக் கூடாதும்மா. அதுக்குத்தான் படிச்சவங்க வேணும்."

இடத்தைக் குறைக்க இரண்டு வழி. பிஸ்டனின் தலையை மேடாக்கலாம். இல்லையென்றால் ஹெட்டின் அடிப்பக்கத்தைக் கடைந்து எடுத்துக் கூரையைத் தாழ்த்தலாம். இரண்டில் ஒன்று போதும். இரண்டில் ஒன்று. (இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு அன்று அதை ஞாபகப்படுத்த ஆள் இல்லை.)

நான் பிஸ்டன் வழியைத் தேர்ந்தெடுத்தேன். செங்குன்றத்தில் உதிரிபாகக் கடைக்குப் போனேன். கடைக்காரர் மூன்று பிஸ்டன்களை எடுத்து மேசை மேல் வைத்தார். ஒன்று தலை தட்டை. ஒன்று தலையில் பள்ளம். ஒன்று தலை மேடு. கல்யாணத்துக்குப் பெண் பார்க்கப் போன மாமியார் மாதிரி ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து, திருப்பி, வெளிச்சத்தில் பிடித்து, விரல் நுனியால் தடவிப் பார்த்தேன். கடைக்காரர், "பாக்கறது யாருக்கு மேடம்?" என்றார். "எங்க வண்டிக்கு. நான் பிஸ்டன் லைன்லதான் இருக்கேன்" என்றேன். கேட்டது ஒன்று, சொன்னது இரண்டு. நைனாவின் ரத்தம். மேட்டுத் தலையை வாங்கினேன்.

வீட்டுக்கு வந்து இன்ஜினைப் பிரித்தேன். இப்போது ஹெட்டின் உள்ளே எவ்வளவு இடம் இருக்கிறது என்று அளக்க வேண்டும். அதற்கு ஊசி போடும் சிரிஞ்சு வேண்டும். மருந்துக் கடையில் பெரியதாக ஒன்று கேட்டேன். "யாருக்கும்மா, மாட்டுக்கா?" என்றார்கள். "சிலிண்டர் ஹெட்டுக்கு" என்றேன். கடைக்காரர் என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு வேறு எதுவும் கேட்காமல் கொடுத்தார். அம்மாவின் கேசரிப் பவுடரைத் தண்ணீரில் கரைத்து, ஹெட்டைக் கவிழ்த்து வைத்து, ஸ்வீட் பாக்சின் பிளாஸ்டிக் மூடியை கிரீஸ் தடவி அதன் மேல் ஒட்டி, நடுவில் துளை போட்டு, சிரிஞ்சால் சொட்டுச் சொட்டாக நிரப்பினேன். எதிர்வீட்டு அக்கா எட்டிப் பார்த்து, "இன்னா எஸ்தரு, இஞ்சினுக்கு சொட்டு மருந்தா?" என்று கேட்டுவிட்டுப் போனாள். கணக்குப் போட்டேன். ஒன்பதாக இருப்பது புது பிஸ்டனோடு பத்தரை ஆகும். பெட்ரோலுக்கு அது தாங்கும். கணக்கு சரி. இன்றைக்கும் நான் சொல்கிறேன், கணக்கு சரி.

சனிக்கிழமை எனக்கு வேலை. ஹெட்டின் அடிப்பக்கம் எங்கேயாவது வளைந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டால் ஞாயிறு மாட்டிவிடலாம். தொழிற்சாலையில் இருந்தே நைனாவுக்கு போன் செய்தேன். எனக்குப் பின்னால் பிரஸ் மெஷின் இடித்துக்கொண்டிருந்தது.

"நைனா, ஹெட்ட காரனோடை லேத்துப் பட்டறைல குட்து மட்டம் பாக்க சொல்லு. கோணலா கீதான்னு பாத்தா போதும். கம்ப்ரஷன் ஏத்தறோம் இல்ல, மட்டம் ரொம்ப முக்கியம்."

"சரிம்மா, சரிம்மா."

நான் பேசியது அவ்வளவு. மெஷின் தின்றது போக நைனாவின் காதுக்குப் போய்ச் சேர்ந்தது, "ஹெட்டு, மட்டம், கம்ப்ரஷன் ஏத்தறோம், ரொம்ப முக்கியம்."

சாயங்காலம் ஹெட் திரும்பி வந்தது. அடிப்பக்கம் புதுச் சில்வர் தட்டு மாதிரி பளபளத்தது. துடைத்துக் கொடுத்திருக்கிறார்கள், நல்ல மனிதர்கள் என்று நினைத்தேன். தலைமுடி அளவு வித்தியாசத்துக்கு பிஸ்டனைத் தள்ளிவிடுகிற நான், என் சொந்த வீட்டு ஹெட்டை அப்படி நினைத்தேன். சிரிஞ்சு ஜன்னல் மேல்தான் இருந்தது. கேசரிப் பவுடர் டப்பா அடுப்படியில்தான் இருந்தது. இன்னொரு முறை அளக்க ஒரு காபி குடிக்கிற நேரம் ஆகியிருக்கும். அளக்கவில்லை. முன்பே அளந்தாகிவிட்டது, அளந்தது நான், பிறகு என்ன?

ஞாயிறு ஆராதனை முடிந்து வந்து நானும் நைனாவும் இன்ஜினை மாட்டினோம். நைனா ஸ்பானரை நர்ஸ் மாதிரி ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார். தெருவே வேடிக்கை பார்த்தது. ஸ்டார்ட் செய்யும் லிவரை இழுக்கத்தான் கொஞ்சம் கடினமாக இருந்தது. நைனா ஒரு காலைத் தூக்கி வண்டியில் முட்டுக் கொடுத்து, மாட்டுக்கு மூக்கணாங்கயிறு இழுப்பது போல இழுத்தார்.

"இன்னாமே, இப்டி முறைக்குது?"

"பவர் நைனா, பவர்."

ஏரிக்கரை ரோட்டில் காலி வண்டியை ஓட்டிப் பார்த்தோம். பறந்தது. ஒரு காலத்தில் பந்தயக் கார்கள் ஓடிய ஊர் எங்கள் ஊர். அந்தக் காற்று என் தலைக்குள் புகுந்துவிட்டது. நைனா ஒரு பைக்கை முந்தினார். அவர் வாழ்க்கையில் அந்த ஆட்டோவால் முந்திய முதல் வண்டி அது. இறங்கி வந்து அம்மாவிடம், "எஸ்தரு, இன்ஜினியர பெத்துக்கிற" என்றார். அன்று அம்மா பரிமாறும்போது எனக்கு மட்டும் இன்னும் ஒரு கரண்டி குழம்பு விழுந்தது.

திங்கள்கிழமை லீவு போட்டேன். அம்மா விடியும் முன்பே எழுந்து சமைத்திருந்தாள். அண்டாக்களை ஏற்றினோம். அம்மா பின்னால் பாத்திரங்களுக்கு நடுவே, பாயச வாளியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். புடவை புதுசு. நான் முன்னால் நைனா பக்கத்தில் ஒட்டிக்கொண்டேன். நேரம் தாராளமாக இருந்தது.

காரனோடை பாலம் தாண்டும்போது சத்தம் கேட்டது. டப்பாவில் கூழாங்கல் போட்டுக் குலுக்குவது போல.

"இன்னா சத்தம்மே அது?"

எனக்குத் தெரியும். அதன் பெயர் தெரியும், அது ஏன் வரும் என்று தெரியும், பரீட்சையில் அந்தக் கேள்விக்கு அடிக்கோடு போட்டுப் பதில் எழுதியிருக்கிறேன். அளவுக்கு மீறி அமுங்கிய பெட்ரோல், தீப்பொறிக்குக் காத்திருக்காமல் தானாகவே வெடிக்கும் சத்தம் அது. ஆனால் என் கணக்கில் அந்தச் சத்தம் வரக் கூடாது. அதனால் அது வரவில்லை என்று முடிவு செய்தேன்.

"புது பிஸ்டன் நைனா. செட் ஆவற வரிக்கும் அப்டித்தான்."

பின்னால் இருந்து அம்மா, "ரச மூடி ஆடுதுன்னு நென்ச்சேன்" என்றாள். அவளும் என்னை நம்பினாள்.

கொஞ்ச தூரத்தில் பெட்ரோல் பங்க். நைனா உள்ளே விட்டு, சாவியைத் திருப்பி எடுத்தார். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது.

பங்க்கில் நீலச் சட்டை போட்ட பெண் கத்தினாள். "அண்ணா, வண்டிய ஆஃப் பண்ணு!"

"பண்ட்டேம்மா!"

"ஓடுதே!"

"சாவி இத்தோ கையில கீதும்மா!" என்று நைனா சாவியைத் தூக்கிக் காட்டினார். இன்ஜின், சாவி யாரிடம் இருந்தால் எனக்கென்ன என்று குலுங்கிக் குலுங்கி ஓடியது.

"அப்ப யாரு ஓட்றது, பேயா?"

"எம் பொண்ணு இன்ஜினியரும்மா. அவதான் ஏத்தினா."

"பேயவா?" என்றான் பக்கத்தில் பைக்கில் இருந்தவன்.

பங்க் பெண் மணல் வாளியைக் கையில் எடுத்துவிட்டாள். நான் நைனாவிடம் கியரைப் போட்டு, பிரேக்கை மிதித்துக் கிளட்சை விடச் சொன்னேன். வண்டி ஒரு குதி குதித்து அடங்கியது. பின்னால் பாயசம் ஒரு அலை அடித்து அம்மாவின் புதுப்புடவையில் விழுந்தது.

சாவி எடுத்த பிறகும் இன்ஜின் ஓடுகிறது என்றால் உள்ளே ஏதோ பழுக்கக் காய்ந்திருக்கிறது என்று அர்த்தம். அங்கேயே நிறுத்தியிருக்கலாம். அங்கே லோடு வண்டிகள் வரிசையாக நின்றன. ஒன்றை வாடகைக்குப் பேசியிருக்கலாம். நைனா என் முகத்தைப் பார்த்தார். நான் சொன்னால் செய்வார். நான், "போலாம் நைனா" என்றேன்.

கவரைப்பேட்டை தாண்டி ஒரு மேம்பாலம். இதற்காகத்தானே இத்தனையும். ஏறியது. பாதி வரைக்கும் அருமையாக ஏறியது. நைனா என்னைப் பார்த்துச் சிரித்தார். அப்புறம் ஒரு சத்தம், தேங்காய் உடைத்தது போல. வெள்ளைப் புகை. வண்டி நின்றது. பின்னால் "எஸ்தர் கேட்டரிங்" என்ற சிவப்பு எழுத்தைச் சுற்றிப் புகை பரவியது. லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டு ஒதுங்கிப் போயின. புகைக்குள் இருந்து அம்மா, "நைனாவும் பொண்ணும் உயிரோட கீறீங்களா?" என்றாள்.

வண்டியைப் பின்னோக்கி உருட்டி ஓரம் கட்டினோம். அப்போதுதான் நான் கேட்டேன்.

"நைனா, பட்டறைல மட்டம் பாத்தாங்க இல்ல?"

நைனாவுக்கு இந்த நிலையிலும் ஒரு சின்னப் பெருமை. "பாக்கறது இன்னா? அவரு கேட்டாரு, மட்டம் பாக்கணுமா, மட்டம் அடிக்கணுமான்னு. எனக்கு இன்னா தெரியும்? எதுக்குன்னாரு. கம்ப்ரஷன் ஏத்தணும்னு எம் பொண்ணு சொல்லிச்சுன்னேன். அப்ப அடிச்சிட வேண்டியதுதான், எவ்ளோ எடுக்கட்டும்னாரு. எம் பொண்ணு இன்ஜினியரு, கஞ்சத்தனம் பண்ணாத, தாராளமா எடுன்னேன்."

மட்டம் அடிப்பது என்றால் அடிப்பக்கத்தைக் கடைந்து எடுப்பது. தாராளமாக எடுத்திருக்கிறார்கள். கீழே நான் மேட்டுப் பிஸ்டனை ஏற்றினேன். மேலே நைனா கூரையை இறக்கினார். பத்தரை என்று நான் போட்ட கணக்கு பன்னிரண்டையும் தாண்டியிருக்கும். ஒரே இருக்கையில் இரண்டு ஷேர் ஆட்டோ ஜனம்.

அம்மா பாயசக் கறையைத் துடைத்துக்கொண்டே எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அப்ப ஒரே கொழம்புக்கு ரெண்டு பேரும் உப்பு போட்டுக்கிறீங்க."

"ஆமாம்மா" என்றேன்.

"போட்டுட்டேன்னு ஒருத்தருக்கொருத்தர் ஒரு வார்த்த சொல்லல."

"இல்லம்மா."

"நல்லா படிச்சீங்க போ" என்றாள். படிக்காத நைனாவையும் சேர்த்து.

கை காட்டக் காட்ட வண்டிகள் நிற்காமல் போயின. சங்கு ஊதும் நேரம் நெருங்கியபோது ஒன்று நின்றது. பிராய்லர் கோழி ஏற்றும் வண்டி. கோழிகளை எங்கேயோ இறக்கிவிட்டுக் காலிக் கூண்டுகளோடு போய்க்கொண்டிருந்தது. வாசனை மட்டும் இறங்கவில்லை. அம்மா ஒரு கணம் கூட யோசிக்கவில்லை. "ஏத்துங்க" என்றாள். கூண்டுகளுக்கு நடுவே அண்டாக்களை வைத்து, என் துப்பட்டா, நைனாவின் துண்டு, ஆட்டோவின் தார்ப்பாய் எல்லாவற்றாலும் மூடினோம். அம்மா பாத்திரங்கள் மேல் குப்புறச் சாய்ந்து, இரண்டு கைகளையும் விரித்து மூடிக்கொண்டு வந்தாள். காற்றில் வெள்ளை இறகு பறந்துகொண்டே இருந்தது.

தொழிற்சாலை வாசலுக்கு நாங்கள் போனபோது சங்கு ஊதி முடிந்து வெகு நேரம் ஆகியிருந்தது. சாப்பிட வந்தவர்கள் வெளியே போய் பன்னும் டீயும் சாப்பிட்டுவிட்டு, எங்களைத் திரும்பித் திரும்பிப் பார்த்தபடி உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள். கேன்டீன் பொறுப்பில் இருந்த சார், கண்ணாடியை மூக்கு மேல் ஏற்றிக்கொண்டு வண்டியைப் பார்த்தார். பிறகு அம்மாவைப் பார்த்தார். அம்மாவின் தலையில் ஒரு இறகு.

"கோழிக்குழம்புன்னு சொன்னீங்களேம்மா" என்றார். "கோழியே கூட்டிக்கிட்டு வந்திருக்கீங்க."

வாசலில் நின்ற செக்யூரிட்டி சிரித்தார். அம்மாவும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே, "ஒரு வாயி துன்னு பாருங்க சார்" என்றாள்.

அவர் மோசமான மனிதர் இல்லை. மோசமானவராக இருந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். நின்றபடியே ஒரு தட்டில் வாங்கிச் சாப்பிட்டார். இன்னொரு கரண்டி கேட்டு வாங்கினார்.

"ருசியில ஒரு குறையும் சொல்ல முடியாதும்மா. ஆனா இங்க எல்லாருக்கும் அரை மணி நேரம்தான் சாப்பாடு. நேரத்துக்கு வரலைன்னா எவ்வளவு ருசியா இருந்தும் பிரயோஜனம் இல்லை" என்றார்.

நான் முன்னால் போய், தப்பு என்னுடையது, கம்ப்ரஷன், பிஸ்டன், ஹெட் என்று ஆரம்பித்தேன். அம்மா என் கையைப் பிடித்து இழுத்தாள். "உடு பியூலா. சார் வேலைக்கு போவணும்."

திரும்பி வரும் வழியில், மேம்பாலத்தடியில் நின்ற லாரிக்காரர்களுக்கும், ரோடு வேலை செய்துகொண்டிருந்த பெண்களுக்கும் அம்மா சாப்பாட்டைப் பரிமாறினாள். எல்லாரும் வயிறாரச் சாப்பிட்டார்கள். ஒரு லாரி டிரைவர், "எந்த ஓட்டலும்மா?" என்று கேட்டார். அம்மா புகை படிந்த ஆட்டோவைக் கையால் காட்டினாள். அவர் பின்பக்கம் எழுதியிருந்ததைச் சத்தமாகப் படித்தார். தன் பேரை வெளி ஆள் ஒருவர் படித்துக் கேட்டது அன்றுதான் அவளுக்கு முதல் தடவை.

கான்ட்ராக்ட் வேறு ஒருவருக்குப் போனது.

இன்ஜினைப் பிரித்தபோது பிஸ்டனின் மேட்டுத் தலையில் விரல் நுழையும் அளவுக்கு ஒரு ஓட்டை. நான் அதைத் தூக்கி எறியப் போனேன். அம்மா விடவில்லை. கழுவித் துடைத்து, ஓட்டையில் மெழுகுவர்த்தியைச் செருகிப் பார்த்தாள். அளவெடுத்துச் செய்தது போல நின்றது. (என் கணக்கில் சரியாக வந்த ஒரே அளவு.) எங்கள் வீட்டில் இப்போது கரண்ட் போனால் யாரும் மெழுகுவர்த்தியைத் தேடுவதில்லை. "பியூலாவ ஏத்து" என்கிறார்கள். கிறிஸ்துமஸுக்கு வரும் சொந்தக்காரர்கள் ஒவ்வொருவரும் அது என்ன ஸ்டாண்டு என்று கேட்பார்கள். நைனா முதலில் இருந்து ஆரம்பிப்பார், "எம் பொண்ணு இன்ஜினியரு" என்று. பங்க் வரும்போது சாவியை எடுத்துக் காட்டி நடித்தே காண்பிப்பார். அவர் இல்லாத நேரத்தில் அம்மா சொல்வாள். அவள் சொல்லும்போது கதை கோழி வண்டியோடு முடிந்துவிடும். அதற்கு மேல் சொல்ல மாட்டாள்.

அதற்கு மேல் நடந்ததை நான் சொல்கிறேன்.

சமீபத்தில் எங்கள் தொழிற்சாலையில் இருந்து போன சரக்கில் ஏதோ குறை என்று கும்மிடிப்பூண்டிக்கு என்னையும் மேனேஜரையும் கூப்பிட்டார்கள். அதே தொழிற்சாலை. பேச்சு முடிந்து சாப்பிடப் போனோம். தட்டை நீட்டிய நான் நிமிர்ந்து பார்த்தேன். தலையில் வலைத் தொப்பி, மேலே பச்சை ஏப்ரன், கையில் கரண்டி. அம்மா.

அவள் அங்கே வேலைக்குப் போவது எனக்குத் தெரியாதது இல்லை. அந்தக் கண்ணாடி சார் அவளை மறக்காமல், கான்ட்ராக்ட் எடுத்தவரிடம் சொல்லிச் சேர்த்துவிட்டார். தினமும் கம்பெனி பஸ்ஸில் போய் வருகிறாள். ஆனால் மற்றொருவர் பெயர் அச்சிட்ட ஏப்ரனில் நான் அவளைப் பார்த்தது அன்றுதான்.

அம்மா என்னைத் தெரிந்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. குழம்பை ஊற்றிவிட்டு, வரிசையில் நின்ற அத்தனை பேர் காதிலும் விழும்படி, "உப்பு சரியா கீதா பாருங்க மேடம்" என்றாள்.

"ஒருத்தர்தான போட்டீங்க?" என்றேன்.

"ஒருத்திதான். இந்த கிச்சன்ல இன்ஜினியருங்கள உள்ள உடறதில்ல."

வரிசை சிரித்தது. எதற்கென்று தெரியாமல் எங்கள் மேனேஜரும் சிரித்தார். உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிட்டவர், என்னிடம் குனிந்து, "பிரமாதமா இருக்கே. அந்தம்மா உங்களுக்குத் தெரிஞ்சவங்களா?" என்றார்.

"எங்க அம்மா சார்."

"அட, சொல்லவே இல்லையே! அப்ப இந்த கேன்டீன் கான்ட்ராக்ட் உங்களுதா?"

வாயில் சோறு இருந்தது. தண்ணீர் குடித்து விழுங்கினேன்.

"எங்களுக்கு வர வேண்டியதுதான் சார்" என்றேன். "வழியில நின்னுபோச்சு."